பீரோவின் கீழ்ப்பக்கம்

இரண்டு கதவு ஃப்ரிட்ஜை நாலு மாடி ஏற்றி, சமையலறை மூலையில் நிறுத்தி, ஆட்டம் இருக்கிறதா என்று தட்டிப் பார்த்து, வீட்டுக்காரர் கொடுத்த டீயையும் குடித்துவிட்டுக் கீழே வந்த பிறகுதான் பீரோக்காரருக்கு அது நடந்தது. வேன் பக்கத்தில் நின்று ஷூ நாடாவைக் கட்டக் குனிந்தார். குனிந்தவர் குனிந்தபடியே நின்றார்.

"என்ன மாமா, கீழ எதையாச்சும் தேடுறீங்களா?" என்றான் மச்சினன்.

"டேய், பேசாத. மூச்சு விட முடியல."

"சும்மா வெளையாடாதீங்க. அடுத்த வீட்டுக்கு நேரமாச்சு."

"வெளையாட்டா? இடுப்புல யாரோ ஆணி வச்சு அடிச்ச மாதிரி இருக்குடா மாப்ள."

மச்சினனுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பதினெட்டு வருஷமாக இரண்டு பேரும் சேர்ந்து வீடு மாற்றிக் கொடுக்கிறார்கள். பியானோ தூக்கியிருக்கிறார்கள், இரும்புப் பெட்டி தூக்கியிருக்கிறார்கள், ஒரு தடவை மீன்தொட்டியை மீனோடு தூக்கியிருக்கிறார்கள். குனிந்த நிலையில் நிற்கும் மனுஷனை எந்தப் பக்கம் பிடித்துத் தூக்குவது என்று இரண்டு பேருக்குமே தெரியவில்லை. கடைசியில் பீரோக்காரரே வழி சொன்னார்.

"தலைப்பக்கம் முதல்ல விடு. இடிக்கும், இடிக்கும், கொஞ்சம் சாய்ச்சுக்க. அடியில போர்வை போட்டியா? ஆங், இப்ப மெதுவாத் தள்ளு."

தினமும் சுமையேற்றிப் போகிற அதே வேனில், இரண்டு மேஜைக்கும் ஒரு தையல் மெஷினுக்கும் நடுவில் படுத்துக்கொண்டு அவர் ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்தார்.

வாலிபத்தில் ஒரு பந்தயத்துக்காக இரும்பு பீரோ ஒன்றைத் தனியாளாக முதுகில் சுமந்து இரண்டு மாடி ஏறியவர். அன்றைக்கு ஒட்டிய பெயர்தான் பீரோக்காரர். பெயருக்கேற்ற மாதிரி அகலமான ஆள். மனைவிக்குக் கோபம் வந்தால், "இந்த பீரோவை எந்த மூலையில நகர்த்தி வைக்கிறதுன்னே தெரியல" என்பாள். அப்படிப்பட்ட ஆளை ஒரு ஷூ நாடா சாய்த்துவிட்டது என்ற செய்தி, அவர் வீடு போய்ச் சேர்வதற்கு முன்பே தெருவுக்கு வந்து சேர்ந்திருந்தது.

டாக்டர் காலைத் தூக்கிப் பார்த்தார், கட்டைவிரலைக் கிள்ளிப் பார்த்தார், சிறுநீர் ஒழுங்காகப் போகிறதா என்று கேட்டார். "பயப்பட ஒண்ணும் இல்ல. நரம்பு நல்லா இருக்கு. தசை பிடிச்சிருக்கு, அவ்வளவுதான். வலிக்கு மாத்திரை தரேன். ஒரு நாள், ரெண்டு நாள் படுத்துக்கங்க. அப்புறம் மெதுவா நடமாட ஆரம்பிங்க, அதான் முக்கியம்" என்றார். இவ்வளவு சொன்னதில் பீரோக்காரர் காதில் விழுந்தது "படுத்துக்கங்க" மட்டும்தான்.

இங்கேதான் தொழில்புத்தி குறுக்கே வந்தது. வீடு மாற்றுகிறவர்களிடம் கீறல் விழுந்த நிலைக்கண்ணாடி வந்தால் என்ன செய்வார்கள்? போர்வைக்கு மேல் போர்வை சுற்றுவார்கள், நாலு மூலைக்கும் அட்டை கொடுப்பார்கள், வாரைப் போட்டு இறுக்கிக் கட்டுவார்கள், சாய்க்காமல் குலுக்காமல் நிற்கவைத்தே கொண்டுபோவார்கள். பீரோக்காரர் தன்னையும் அப்படியே கட்டிவிட்டார். மடித்த போர்வையை இடுப்பைச் சுற்றி வைத்து, சாமான் கட்டும் நாடாவார் ஒன்றை அதன் மேல் இரண்டு சுற்று சுற்றி, மூச்சு முட்டுகிற அளவுக்கு இறுக்கினார்.

"இது என்னங்க கூத்து?" என்றாள் மனைவி.

"கீறல் விழுந்த கண்ணாடிய நான் எப்படி ஏத்துவேன்? அதே முறைதான்."

"டாக்டர் நடக்கச் சொன்னாரே."

"அவரு ஒரு கண்ணாடியாவது ஏத்தியிருப்பாரா?"

அவளால் என்ன சொல்ல முடியும்? அவளும் பயந்துதான் போயிருந்தாள். பள்ளிக்கூடத்துச் சமையலறையில் வேலை அவளுக்கு. காலை பத்து மணிக்குள் ஒரு மூட்டை உருளைக்கிழங்கைத் தோலுரித்துவிட்டு, மதியம் நூற்றைம்பது தட்டு கழுவிவிட்டு மூன்று மணிக்கு வீட்டுக்கு வருவாள். வந்ததும் வீட்டைத் தூக்கி நிறுத்துகிற வேலை. அவர் குனியக்கூடாது என்பதற்காகக் கீழே இருந்ததெல்லாம் மேலே ஏறியது. குப்பைக்கூடை நாற்காலியில், வாளி மேஜையில், செருப்பு ஸ்டூலில். ஒரு வாரத்தில் வீடே இடுப்பளவுக்கு எழும்பிவிட்டது. உட்கார்ந்தால் வலிக்கும் என்று சூப்பைக்கூட அவர் நின்றுகொண்டே குடித்தார்.

ஆறு வாரம் இப்படிப் போனது. முதல் வாரத்தின் கொடூர வலி எப்போதோ குறைந்துவிட்டது. அதை அவர் யாரிடமும் சொல்லவில்லை, தன்னிடமே சொல்லிக்கொள்ளவில்லை. தும்மல் வந்தால் சுவரைப் பிடித்துக்கொண்டார். கட்டிலில் திரும்பிப் படுக்க ஐந்து நிமிஷம் எடுத்துக்கொண்டார். தொடை இரண்டும் இளைத்துப்போயின. சாயங்காலம் வந்து உட்காரும் மச்சினனிடம், "சிரிக்க வைக்காதடா, உள்ள இழுக்குது" என்று கட்டளை போட்டிருந்தார். சிரிக்கவைக்காமல் பேசுவது மச்சினனுக்கு இடுப்புவலியைவிடப் பெரிய கஷ்டம்.

"இன்னைக்கு ஒருத்தன கூட்டிட்டுப் போனேன் மாமா. சோபாவ மாடி ஏத்தணும். நான் இங்கேர்ந்து 'மூணு படி'ங்கறேன், அவன் அங்கேர்ந்து 'எதுக்கு மூணு படி?'ங்கறான். சோபாவ வச்சுட்டு வெளக்கம் சொல்லிட்டு மறுபடி தூக்கினோம்."

பீரோக்காரர் சிரிப்பை அடக்கியதில் முகம் சிவந்துபோனது.

"வேணாம்டா."

"சரி, சிரிக்கற விஷயம் இல்லாத ஒண்ணு சொல்றேன்." மச்சினன் குரல் மாறியது. "குடோன்ல ஆள் கூப்பிடுறாங்க. தள்ளுவண்டி ஓட்டற வேலை. மாடியும் இல்ல, படியும் இல்ல. வெயில் காலம் முடியறதுக்குள்ள பதில் சொல்லணும். நீங்க திரும்பி வருவீங்கன்னா நான் போகல. வர மாட்டீங்கன்னா தனியா நான் எத்தன நாளைக்கு நாற்காலியும் பாயும் தூக்கறது?"

பீரோக்காரருக்கு வருவேன் என்று சொல்லவும் பயம், வரமாட்டேன் என்று சொல்லவும் பயம். வேறு ஆளோடு அவரால் சுமை தூக்க முடியாது. மச்சினனாலும் முடியாது. ஒருத்தன் மூச்சு ஏறி இறங்குவதைக் கேட்டே அடுத்தவன் கால் வைக்கிற ஜோடி அது. அவன் குடோனுக்குப் போய்விட்டால் தன் தொழில் அன்றோடு முடிந்தது என்று அவருக்கு நன்றாகத் தெரியும். அன்று சூப்பைப் பாதியில் வைத்துவிட்டார்.

மறுநாள் மனைவி அரைநாள் லீவு போட்டாள். "கிளம்புங்க. ஆஸ்பத்திரியில உடற்பயிற்சி சொல்லித் தர்ற அம்மா ஒருத்தங்க இருக்காங்களாம். எங்க ஸ்கூல் வாட்ச்மேன் அங்க போய்த்தான் தோள சரி பண்ணிக்கிட்டாரு."

"நான் எப்படி அவ்வளவு தூரம் வர்றது?"

"கால்ல."

பிசியோ அம்மா ஆள் சின்னது, பீரோக்காரரின் தோளுக்குக்கூட எட்டமாட்டாள். ஆறிப்போன டீ ஒன்று ஜன்னலில் இருந்தது. அவர் உள்ளே நுழைந்து, நடந்து, சுவரைப் பிடித்து நின்ற விதத்தை முழுசாகப் பார்த்துவிட்டு, "சட்டையைத் தூக்குங்க" என்றாள். போர்வையையும் வாரையும் பார்த்தாள். சிரிக்கவில்லை.

"என்ன வேலை பாக்கறீங்க?"

அவர் சொன்னார். பீரோக்காரர் என்று பெயர் வந்த கதையையும், கண்ணாடி கட்டுகிற முறையையும் சேர்த்துச் சொன்னார்.

"நல்ல முறைதான். எனக்கு ஒரு சந்தேகம். படி திரும்பற இடத்துல பீரோவ எப்படித் திருப்புவீங்க? நேரா நிமிர்த்தி வச்சா?"

பீரோக்காரர் அவளைப் பரிதாபமாகப் பார்த்தார். "நேரா வச்சா எந்த பீரோவும் திரும்பாதும்மா. சாய்க்கணும். சாய்ச்சு, ஒரு பக்கமா உருட்டற மாதிரி கொண்டுபோகணும்."

"கயிறு?"

"ரொம்ப இறுக்கினா பீரோ கால் ஒடிஞ்சிடும். கொஞ்சம் விட்டுத்தான் கட்டணும். புதுசா வர்றவன்தான் இறுக்கிக் கட்டுவான்."

"அப்புறம் ஏங்க உங்கள மட்டும் நிமிர்த்தி, இறுக்கிக் கட்டி வச்சிருக்கீங்க? ஊரே உங்கள பீரோன்னு சொல்லுது, நீங்க மட்டும் கண்ணாடின்னு நெனச்சுக்கிட்டா எப்படி?"

மனைவி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பீரோக்காரருக்கும் சிரிப்பு வந்தது. அடக்க மறந்துவிட்டார். உள்ளே இழுத்தது, ஆனால் ஒன்றும் உடையவில்லை. ஆறு வாரத்தில் முதல் சிரிப்பு அது. தொழில் தெரிந்த தனக்கு இது எப்படித் தோன்றாமல் போனது என்று அவருக்கு வெட்கமாகவும் இருந்தது.

"வலிக்கும்," என்றாள் அவள். "வலிக்கறதெல்லாம் கெட்டுப்போறது இல்ல. இன்னைக்குப் பத்து நிமிஷம் நடங்க. நாளைக்கும் பத்து. ரெண்டு நாள் கழிச்சுப் பன்னெண்டு. குனியணும், உட்காரணும், திரும்பணும். கனம் அப்புறம் வரும், அதுவும் கொஞ்சம் கொஞ்சமா." பிறகு ஓரத்தில் இருந்த மேஜையைக் காட்டினாள். "தூக்க வேண்டாம். படியில போறப்ப எப்படிப் பிடிப்பீங்கன்னு மட்டும் காட்டுங்க."

அவர் ஒரு முனைக்குப் போய் வலது தோளை முட்டுக் கொடுத்து நின்று காட்டினார்.

"இது கீழ்ப்பக்கம் இல்ல? பாரம் முழுக்க இங்கதானே வரும்? எப்பவும் நீங்கதான் கீழயா?"

"ஆமா."

"எத்தன வருஷமா?"

"பதினெட்டு."

"ஒரு நாள்கூட மாத்திக்கல? எப்பவும் அதே தோளு?"

"பழக்கம்" என்றார் பீரோக்காரர். நாற்காலியில் இருந்த மனைவி தரையைப் பார்த்தாள்.

பழக்கம் இல்லை, வாக்கு. அவளுடைய அப்பாவும் சுமை தூக்கியவர்தான். ஒருநாள் படியில் கீழ்ப்பக்கம் நின்றபோது மேலே பிடித்தவன் கை நழுவி, இரும்புப் பெட்டி அவர் காலில் இறங்கியது. அப்புறம் அவர் காலை இழுத்து நடந்தபடியே பத்து வருஷம் இருந்துவிட்டுப் போய்ச் சேர்ந்தார். தம்பி இந்த வேலைக்கு வருகிறேன் என்று நின்றபோது, கல்யாணமாகி ஒரு மாதமே ஆன புருஷனின் கையைப் பிடித்துக்கொண்டு அவள் கேட்டது ஒன்றே ஒன்று: "என் தம்பி மட்டும் கீழ்ப்பக்கம் நிக்கக் கூடாது." அவரும் சரி என்றார். பதினெட்டு வருஷம் நின்றார். இது தம்பிக்குத் தெரியாது. மாமாவுக்குக் கீழ்ப்பக்கம் பிடிக்கும் என்றுதான் அவன் நினைத்திருந்தான்.

பிசியோ அம்மா ஒரு தாளில் பயிற்சிகளை எழுதி, கடைசியில் "மேலும் கீழும் மாறி மாறித் தூக்கவும்" என்று எழுதிக் கோடு போட்டுக் கொடுத்தாள். அந்தத் தாளை மச்சினன்தான் சத்தமாகப் படித்தான்.

"இவ்வளவுதானா? இதச் சொல்ல ஒரு ஆஸ்பத்திரியா? மாத்திக்குவோம் மாமா. இனிமே கீழ நான்."

"அதெல்லாம் வேணாம்டா" என்றார் பீரோக்காரர்.

"ஏன் வேணாம்?"

"வேணாம்னா வேணாம்."

வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்த மனைவி கத்தியை வைத்தாள். "நான்தான்டா வேணாம்னு சொன்னேன்" என்று ஆரம்பித்து, திரும்பிப் பார்க்காமலே எல்லாவற்றையும் சொல்லி முடித்தாள்.

மச்சினன் தாளைக் கீழே வைத்தான். நாற்பது வயது ஆள், கன்னத்தில் அடி வாங்கியவன் மாதிரி உட்கார்ந்திருந்தான்.

"அப்ப பதினெட்டு வருஷமா நான் பாரம் தூக்கவே இல்ல. சும்மா மேல நின்னு படி எண்ணிட்டு இருந்திருக்கேன். இவரு இடுப்பு ஒடிஞ்சு நிக்கறாரு, நான் ஊரெல்லாம் சுமை தூக்கறவன்னு சொல்லிட்டுத் திரியறேன். ரெண்டு பேரும் சேர்ந்து என்னை நல்லா ஏமாத்தினீங்க அக்கா."

"உனக்கு ஒண்ணு ஆயிடக் கூடாதுன்னுதானேடா..."

"அவருக்கு ஆனா?"

அவன் சாப்பிடாமல் எழுந்து போனான். அடுத்த நாளும் வரவில்லை, அதற்கடுத்த நாளும் வரவில்லை.

மனைவி அழுதாள். அழுதுவிட்டு, மறுநாள் ஸ்கூலிலிருந்து ஒரு துணிப்பையும் உருளைக்கிழங்கும் கொண்டு வந்தாள். பையில் ஐந்து கிழங்கு போட்டுத் தரையில் வைத்தாள். "எடுங்க. அந்தம்மா சொன்ன மாதிரி முட்டிய மடக்கி, பக்கத்துல வச்சு." அவர் வியர்த்து விறுவிறுத்து எடுத்தார். ஐந்து கிழங்கு, அதற்கு அவ்வளவு வியர்வை. இரண்டு நாள் கழித்துப் பத்துக் கிழங்கு. பிறகு பதினைந்து. செருப்பு ஸ்டூலிலிருந்து தரைக்கு இறங்கியது, பிறகு வாளி, பிறகு குப்பைக்கூடை. காலையில் அவர் தெருமுனை வரை நடந்தார், பிறகு பஸ் நிறுத்தம் வரை, பிறகு ஸ்கூல் வாசல் வரை போய் மூன்று மணிக்கு அவளைக் கூட்டிக்கொண்டு வந்தார். வாரை அவிழ்த்து வேனில் போட்டாயிற்று.

மூன்றாம் வாரம் ஒரு மழைநாளில் மறுபடி பிடித்துக்கொண்டது. துவைத்த போர்வையைப் பிழிந்து திரும்பினார், அவ்வளவுதான். சுவரைப் பிடித்துக்கொண்டு, "போச்சு, எல்லாம் போச்சு, முதல்லேர்ந்து ஆரம்பிக்கணும்" என்று புலம்பினார். இடுப்பில் கட்டிவிட மனைவி போர்வையைத் தேடிப் போய்விட்டு, பாதியில் நின்று, திரும்பி வந்தாள்.

"பையில இப்ப எத்தன கிழங்கு?"

"முப்பது."

"பத்த எடுத்துடறேன். இருபதோட நாளைக்குத் தூக்குங்க. முதல்லேர்ந்தெல்லாம் இல்ல. எடுத்த பத்த வேக வச்சுடலாம்."

பத்துக் கிழங்கும் மிளகும் வெண்ணெயுமாக அன்றைக்கு ராத்திரிச் சாப்பாடு ஆனது. அவர் உட்கார்ந்து சாப்பிட்டார். நாலே நாளில் வலி தணிந்தது. ஆறு வாரம் இழுத்தது நாலு நாளில் போயிற்றே என்று அவருக்கு நம்பவே முடியவில்லை. சும்மா சொல்லக்கூடாது, அன்றுதான் அவருக்குத் தன் முதுகின் மேல் நம்பிக்கை வந்தது.

முழு மூட்டைக் கிழங்கையும் தூக்குகிற நாள் வந்தபோது வெயில் காலம் முடியும் தறுவாயில் இருந்தது. மச்சினன் வாசலில் வந்து நின்றான். உள்ளே வரவில்லை.

"ஒரு டீச்சர் வீடு மாத்தறாங்க. மூணாவது மாடி. மத்த சாமான் எல்லாம் நான் ஆள் வச்சு ஏத்திட்டேன். மரப் பீரோ ஒண்ணு பாக்கி, நாளைக்கு ஏத்தணும். குடோனுக்கு நாளன்னைக்குப் பதில் சொல்லணும். நான் கீழ நிக்கறதுன்னா சேர்ந்து தூக்குவோம். இல்லன்னா எனக்கு இந்த வேலை வேணாம் மாமா. படி எண்ண எனக்குக் கூலி வேணாம்."

பீரோக்காரர் மனைவியைப் பார்த்தார். அவள் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். கழுவிய பாத்திரத்தையே மறுபடியும் கழுவினாள்.

"காலையில வரேன்டா" என்று மட்டும் சொன்னார் அவர்.

மறுநாள் அவளும் வேனில் ஏறி உட்கார்ந்தாள். எதற்கு என்று யாரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. புது வீட்டு வாசலில் பீரோ நின்றது. பழைய மரம், நல்ல கனம். இழுப்பறைகளைக் கழற்றினார்கள், கதவைக் கழற்றினார்கள், போர்வை சுற்றினார்கள். முதல் படிக்குக் கொண்டுவந்து நிறுத்தியதும், பதினெட்டு வருஷப் புத்தி, பீரோக்காரர் தன்னையறியாமல் கீழ்ப்பக்கம் போய் வலது தோளைக் கொடுத்தார்.

மச்சினன் கையை எடுத்துவிட்டான். "அப்ப நான் குடோனுக்குப் போறேன்."

"டேய், பழக்கதோஷம்டா..."

"பழக்கமா, பயமா? யாருக்குப் பயந்து நிக்கறீங்கன்னு எனக்குத் தெரியும்."

மனைவி படியின் அடியில், பீரோவுக்கு நேர் கீழே நின்றிருந்தாள். பீரோக்காரர் திரும்பிப் பார்த்துப் பதறிப்போனார். "அங்க நிக்காத! சுமைக்குக் கீழ யாராச்சும் நிப்பாங்களா? தள்ளிப் போ!"

அவள் நகரவில்லை. "இவ்வளவு பதறுறீங்களே. இதே இடத்துல உங்களைத்தானே நான் இத்தன வருஷமா நிறுத்தி வச்சிருந்தேன்" என்றாள். குரல் உடைந்துவிட்டது. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பிறகு, பள்ளிக்கூடத்தில் நூற்றைம்பது பிள்ளைகளை வரிசையில் நிறுத்தும் அதே குரலில் சொன்னாள்: "நீங்க மேல போங்க. டேய், நீ கீழ வா."

இரண்டு பேரும் இடம் மாறினார்கள். பீரோ எழுந்தது. மேலே பின்பக்கமாக ஏறிய பீரோக்காரருக்கு முதல்முறையாகப் படிகள் தெரிந்தன, கைப்பிடி தெரிந்தது, சுவரில் யாரோ கிறுக்கிய பெயர்கூடத் தெரிந்தது. இத்தனை வருஷமும் அவர் மூக்குக்கு நேரே மரத்தை மட்டும்தான் பார்த்திருந்தார். வேடிக்கை பார்த்தபடி பேசாமல் ஏறினார்.

"மாமா! வாயத் திறங்க! எத்தன படின்னு சொல்ல மாட்டீங்களா? எனக்குக் கண்ணு தெரியல இங்க!"

"ஐயோ, மறந்தே போச்சுடா. அஞ்சு. நாலு. மூணு..."

முதல் திருப்பத்தில் இறக்கி வைத்தார்கள். மச்சினனுக்கு மூச்சு வாங்கியது.

"இவ்வளவு கனமா இருக்கும்னு ஒரு வார்த்தை சொன்னீங்களா?"

"நீ கேட்டியா?"

இரண்டு பேரும் சிரித்தார்கள். அடுத்த திருப்பத்துக்கும் அவனே கீழே நின்றான். அதற்கடுத்த திருப்பத்தில் பீரோக்காரர் இடுப்பை இரண்டு பக்கமும் சாய்த்துப் பார்த்துக்கொண்டு, "இப்ப என் முறை" என்றார். முட்டியை மடக்கி, இந்தத் தடவை இடது தோளைக் கொடுத்தார். இடுப்பில் அந்தப் பழைய ஆணி லேசாகத் தலைகாட்டியது. காட்டட்டும் என்று விட்டுவிட்டு, மேலேயிருந்து வந்த எண்ணிக்கைக்குக் கால் வைத்தார். அவருக்கு அழுகை வரும்போல இருந்தது, சந்தோஷத்தில்தான். பின்னாலேயே மனைவி இரண்டு இழுப்பறைகளை மார்போடு அணைத்துக்கொண்டு ஏறினாள். சுமைக்கு ஒரு திருப்பம் தள்ளியே வந்தாள்.

மூன்றாவது மாடி வாசலில் டீச்சர் காத்திருந்தாள். பீரோ கீறல் இல்லாமல் உள்ளே போனதைப் பார்த்து நிம்மதியானவள், மூன்று பேருக்கும் தண்ணீர் கொடுத்தாள்.

"தெரிஞ்சவங்க போன்ல சொன்னாங்க, உங்கள்ல ஒருத்தருக்கு ரொம்ப நாளா இடுப்பு சரியில்லன்னு. யாருக்குங்க?"

மச்சினன் மாமாவைப் பார்த்தான். மாமா அவனைப் பார்த்தார்.

"மூணு பேருக்கும்தாங்க டீச்சர்" என்றாள் மனைவி, இழுப்பறைகளைக் கீழே வைத்தபடி. "இப்ப பரவால்ல."